கேணல் நந்தி நின்ற தேர்தல்

ஜூன் மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். கோப்பி போட்டேன். முதல் நாள் நாட்குறிப்பைத் திரும்ப வாசித்து ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினேன். பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டேன். மனைவி சாந்தி பாணுக்குச் சம்பல் இடித்தாள். சாப்பிட்டு முடித்து, பேர்லின் நொய்கெல்னில் எங்கள் வீட்டு மூலையிலேயே பஸ் ஏறினோம். என் மடியில் தக்காளிக் கன்றுகளுக்குக் கட்டும் சணல் கயிறு. அவள் மடியில் மிச்சச் சம்பல்.

சாந்தியின் சைக்கிள் வீட்டு நிலவறையில் நின்றது. ஏப்ரலிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. முன்பெல்லாம் தோட்டத்துக்கு அவள் சைக்கிளில் வருவாள், நான் பஸ்ஸில் வருவேன், அவள்தான் முதலில் வந்து சேருவாள். இந்த வருடம் இருவரும் பஸ். அதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வாரம் அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோட்டக் குடியிருப்பின் பெரிய வாசலில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் ஒருவர் கைகூப்பி நின்றார். உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் தலை வணங்கி "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொன்னார். ஒற்றைச் சில்லு வண்டியில் எரு தள்ளி வந்த ஒரு ஜேர்மன்காரர், ஏதோ கட்டணம் கேட்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, வண்டியை வேகமாகத் தள்ளினார்.

"இண்டைக்கு நந்தி வாசலிலயே வந்து படுத்திட்டுது," என்றாள் சாந்தி.

அவர் பெயரே நந்திதான். கேணல் நந்தி. வங்காளி. இந்திய இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிறகு அரசியலுக்கு வந்து, இரண்டு முறை சட்டசபைக்குப் போனவர். அன்று மூன்று மணிக்கு எங்கள் ஒழுங்கையின் பொறுப்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம். அவர் ஒரு வேட்பாளர்.

"டொக்டர், களநிலவரம் எப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வைத்தியன் அல்ல. ஒரு தொழிற்கூடத்தில் பொய்ப்பல் செய்கிறவன். இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும். கேணலுக்கும் பல தடவை சொல்லிவிட்டேன். அரசியலில் இருந்தவர்களுக்கு மறுப்பு அறிக்கை காதில் விழாது.

நான் பதில் சொல்வதற்குள் சாந்தி எங்களைக் கடந்து போய்விட்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. கூப்பிய கைகள் அவளுடைய முதுகை நோக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

வேலிக்கு மேலால் கேட்ட வரலாறு

பேர்லினில் இருக்காத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே நகரத்துக்குள்ளேயே சிறு சிறு தோட்டங்களாகப் பிரித்து வாடகைக்குக் கொடுப்பார்கள். ஒரு மரக்குடில், கொஞ்சம் புல், கொஞ்சம் மரக்கறி. ஒரு தோட்டம் கிடைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகு சட்டதிட்டங்களை வாசிக்க வேண்டும். பற்றை வேலி மார்பளவுக்கு மேல் வளரக்கூடாது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை சத்தம் போடக்கூடாது. தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒழுங்கையில் சைக்கிள் ஓடக்கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு இந்த இடம் பிடித்ததே இந்தச் சட்டதிட்டங்களுக்காகத்தான் என்று சாந்தி சொல்வாள். அதில் உண்மை இருக்கிறது.

கேணலின் மகள் இங்கே வைத்தியசாலை ஒன்றில் சத்திரசிகிச்சை நிபுணர். தாயார் காலமான பிறகு தகப்பனைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். வீட்டில் இருந்தால் சமையலறை அலுமாரிகளை எல்லாம் அணிவகுக்க வைக்கிறார் என்று, இரண்டு வருடத்துக்கு முன் எங்களுக்குப் பக்கத்துத் தோட்டத்தை அவர் பெயருக்கு எடுத்துக் கொடுத்தார்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலமும் ஜேர்மனும் கலந்த ஒரு மொழி. இங்கே தமிழில் தருகிறேன். அவர் தன் வாழ்க்கையை என்னிடம் வரிசையாகச் சொன்னதில்லை. அவரைக்கொடிக்குத் தடி நடும்போது ஒரு துண்டு, களை பிடுங்கும்போது ஒரு துண்டு. வரிசைப்படுத்தியது நான்.

அவருடைய தகப்பனார் கல்கத்தாவிலிருந்து ரயிலில் சில மணி நேரத் தூரத்தில் ஒரு சிறிய ஊரில் கால்பந்து நடுவர். ஒரு இறுதியாட்டத்தில் உள்ளூர் அணிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்துவிட்டு, ஒரு மாதம் மாமனார் வீட்டில் தங்கியிருந்தாராம். "நான் ஏன் இராணுவத்தில் சேர்ந்தேன் தெரியுமா, டொக்டர்? விசில் ஊதினால் ஒருவரும் எதிர்த்துப் பேசாத இடம் அது ஒன்றுதான்."

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது மீசை என்பது அவருடைய கணிப்பு. சுவரொட்டிக்கு இராணுவ மீசை நன்றாக எடுபடும். அந்தத் தொகுதியில் அந்தக் கட்சிச் சின்னம் தோற்றதே இல்லை. இரண்டு முறை வென்றார்.

எங்கள் ஒழுங்கையின் கடைசித் தோட்டம் பீற்றர் அண்ணையுடையது. மன்னார்க்காரர், துப்புரவு நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உந்தச் சின்னத்தில கூட்டுற தும்புத்தடி நிண்டாலும் வெண்டிருக்கும், தம்பி."

இதை நான் கேணலுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கக்கூடாது. ஆனால் அவர் கோபிக்கவில்லை. "சரியாகச் சொல்கிறார்" என்று தலையாட்டினார். மூன்றாவது முறை கட்சி வேறொரு மீசையைக் கண்டுபிடித்தது. இவர் ரோசத்தில் சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் தையல் இயந்திரம். ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு தையல் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு வெயிலில் ஊர் ஊராகப் போனார். கட்டுக்காசு திரும்பவில்லை.

"மக்கள் என்னைத் தோற்கடிக்கவில்லை, டொக்டர். அவர்கள் என்னைத் தெரிவு செய்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது."

அவர் மறக்காத இன்னொரு விடயம் ஒரு பாலம். முதல் தேர்தலில் ஒரு கிராமத்தாருக்கு வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் கட்டித் தருவதாகச் சொன்னார். கட்சி வேண்டாம் என்றது. பாலம் வரவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் வாழைத் தண்டைக் கட்டிக்கொண்டு கடந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் தன் மேல் பல்வரிசையை நாக்கால் தள்ளுவார். 'டக்' என்று ஒரு சிறு சத்தம் கேட்கும். அந்தப் பல்வரிசை நல்ல கைவேலை. ஈறு கொஞ்சம் வற்றியதால்தான் அது ஆடுகிறது. ஆனால் அவர் அதைத் தள்ளுவது மனம் குழம்பும்போது மட்டும் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

இரண்டு சொற்கள்

ஏப்ரல் முதல் வாரம். தண்ணீர்க் குழாய்களைத் திறந்துவிட்ட நாள். குழாய் பார்க்க முன்னதாகவே வந்து, நான் எங்கள் வாசலில் நின்றேன். சாந்தி பெரிய வாசலால் சைக்கிளில் உள்ளே வந்தாள். ஒருவரும் பார்க்காவிட்டால் கொஞ்சத் தூரம் சைக்கிளிலேயே வந்து பிறகு இறங்குவது எல்லோரும் செய்கிற காரியம்.

கேணல் தன் வேலியோரம் நின்றார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நல்ல பரிசு ஒன்றைப் பின்னால் மறைத்து வைத்திருப்பவர் போலச் சிரித்தார். பிறகு, தெளிவான தமிழில் சொன்னார்:

"இறங்கு. நட."

சாந்தி இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டு நிற்க, ஐம்பதைத் தாண்டிய, பாலர் பாடசாலையில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிற என் மனைவி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து, சைக்கிளை இடப்பக்கம் பிடித்து உருட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் கடந்து குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"என் தமிழ் எப்படி?" என்று கேணல் கேட்டார். "உங்கள் ஊரில் இருந்திருக்கிறேன். அப்போது நான் கப்டன். இன்னும் மறக்கவில்லை."

நான் பதினாறு வயதில் ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் நின்ற காலம் எனக்குப் பத்திரிகையில் வாசித்த காலம். அதனால் எனக்கு அவை வெறும் இரண்டு சொற்கள். குடிலுக்குள் போய், "அந்த மனுசன் பகிடிக்குச் சொன்னவர்" என்றேன்.

சாந்தி கேத்திலில் தண்ணீர் நிரப்பினாள். "ஓம்."

"உனக்கு அப்ப ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை. ஒருத்தரும் அடிக்கேல்லை, ஏசேல்லை. பள்ளிக்கூடம் போற வழியில ஒரு காவலரண். இறங்கு எண்டுவாங்கள், இறங்குவன். நட எண்டுவாங்கள், நடப்பன். திரும்பி வரேக்கையும் அப்பிடித்தான். அவ்வளவுதான்."

கேத்தில் கொதித்ததும் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்தாள்.

"அவ்வளவுதானப்பா," என்று இன்னொருமுறை சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அவள் பஸ்ஸில் வந்தாள். கேட்டால் முழங்கால் நோகுது என்றாள்.

யாரும் கேட்காத பதவி

ஒழுங்கைப் பொறுப்பாளர் என்பது பெரிய பதவியல்ல. தண்ணீர்மானி பார்ப்பது, வேலி உயரத்தை அளப்பது, மத்தியானத்தில் துளைக் கருவி போடுபவரைக் கண்டிப்பது, சைக்கிளில் வருபவரை இறக்குவது. பல வருடமாக அதைச் செய்து வந்தவர் கிறோமன் அம்மையார். ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர். கழுத்தில் இன்றும் ஒரு விசில் தொங்கும். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்துவிட்டது, இனி ஏலாது என்று வசந்தத்தில் அறிவித்தார்.

இப்படிப் பதவி காலியானால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் "யார் வருகிறீர்கள்?" என்று தலைவர் கேட்பார். எல்லோரும் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். யார் முதலில் தலையை நிமிர்த்துகிறாரோ அவர் அடுத்த நான்கு வருடத்துக்குப் பொறுப்பாளர்.

ஆகவே கேணல் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பேசாமல் இருந்து, அந்த நேரத்தில் தலையை நிமிர்த்துவது. நான் அதைச் சொன்னேன்.

"போட்டி இல்லாமல் கிடைத்தால் அது தேர்தல் இல்லை, டொக்டர். இடமாற்ற உத்தரவு. அது என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது."

மறுநாளே பிரசாரம் தொடங்கியது. பாலைத் திரித்து இனிப்புச் செய்து, தட்டில் அடுக்கி, வாசல் வாசலாகப் போனார். கைகூப்பினார். குழந்தை இருந்தால் தூக்கினார். அறிவித்தல் பலகையில் தன் படத்தை ஒட்டினார். மீசையுடன், கீழே ஜேர்மன் மொழியில் 'உங்கள் சேவையில்' என்று.

ஜேர்மன்காரர்கள் இனிப்பை வாங்கிக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். பிறகு வேலிக்கு வேலி பேசத் தொடங்கினார்கள். இந்த வேலையை ஒரு மனிதன் விரும்பிக் கேட்பானா? எங்கள் வேலிகளையெல்லாம் அளந்து பார்த்துவிட்டானோ? முன்னாள் இராணுவமாம், நாளைக்கு நம்மை வரிசையில் நிறுத்துவானோ?

ஒரு மாதம் கழிவதற்குள் கிறோமன் அம்மையார் சத்திரசிகிச்சையைப் பின்போட்டார். தானும் நிற்பதாக அறிவித்தார்.

"காலில் விழுற சனத்திட்டை வாக்குக் கேட்டுப் பழகின ஆள்," என்றார் பீற்றர் அண்ணை, "கையே குலுக்காத சனத்திட்டை வந்து மாட்டியிருக்குது."

கேணலிடம் செய்தியை நான்தான் கொண்டுபோனேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்தார். "போட்டி," என்றார். "சின்னம் இல்லை, கட்சி இல்லை. அவள், நான். இனி விழுகிற ஒவ்வொரு வாக்கும் எனக்கே விழுகிற வாக்கு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு வேலி அளப்பதில் ஒரு ஆசையும் இல்லை. தையல் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு போன அந்த ஜீப்பை அவர் இன்னும் நிறுத்தவில்லை.

தப்பான வாக்காளன்

இந்தக் காலம் முழுவதும் அவர் அதிகமாக உழைத்தது என்னிடம்தான். மாலையில் தேநீர், வார இறுதியில் இனிப்பு, என் வெண்டிக்காய்க்குப் புகழுரை. தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "உங்கள் வாக்கை எழுதி வைத்துவிட்டேன்" என்றார்.

"எனக்கு வாக்கு இல்லை, கேணல்."

"ஏன், குடியுரிமைப் பிரச்சினையா?"

"ஒரு தோட்டத்துக்கு ஒரு வாக்கு. தோட்டம் சாந்தியின் பெயரில்."

அவர் முகத்தை நான் மறக்கமாட்டேன். அரசியலில் இத்தனை வருடம் இருந்தவர், ஆண்பிள்ளையைப் பிடித்தால் வீட்டைப் பிடித்த மாதிரி என்று நம்பி, எத்தனையோ தேநீரைத் தப்பான ஆளுக்கு ஊற்றியிருக்கிறார். அதோடு சாந்தி தன்னோடு ஏப்ரலிலிருந்து பேசவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது. வயதான ஆண்களோடு பேசாத வழக்கமாக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த நாள் தட்டோடு வந்தார். சாந்தி ரோசாச் செடிக்குக் கத்தரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசல் படலையைத் திறக்கவில்லை. அவர் வெளியே, அவள் உள்ளே. அவர்கள் பேசியது ஜேர்மன். அவள் சொன்னதை அவளுடைய தமிழிலேயே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது அப்படித்தான் காதில் விழுந்தது.

"உங்களுக்கு நான் வாக்குப் போட்டால், இந்த ஒழுங்கையில என்னை இறங்கு எண்டு சொல்லுற வேலை உங்களுக்குக் கிடைக்கும். அப்பிடித்தானே?"

கேணல் சிரிக்கத் தொடங்கினார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"நீங்கள் தமிழில சொன்ன ரெண்டு சொல்லு. அதை எனக்கு ஒவ்வொரு நாளும் சொன்னவங்கள். ரெண்டு வருசத்துக்கு மேல. எனக்கு அப்ப பதினாலு வயசு."

"நான் அங்கே நின்றது..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை."

'டக்.' பல்வரிசை சத்தம் எனக்குக் கேட்டது. அவர் தட்டை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஒன்று சொல்லுங்கள், அம்மா," என்றார் கடைசியில். "நான் என்ன செய்ய வேண்டும்?"

சாந்தி காய்ந்த கொப்பு ஒன்றை வெட்டினாள். இது அவள் முன்பே யோசித்து வைத்தது அல்ல என்று பிறகு சொன்னாள்.

"கூட்டத்தில எழும்பி நிண்டு சொல்லுங்கோ. நான் பொறுப்புக்கு வந்தால் இந்த ஒழுங்கையில ஆக்கள் இறங்காமல் மெதுவாச் சைக்கிள் ஓடலாம் எண்டு. சொன்னால் வாக்குத் தாறன்."

அவர் தட்டை வேலித் தூணின் மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை என்னோடு வேலியோரம் நின்று கணக்குப் பார்த்தார். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேருக்கு எழுபது வயதுக்கு மேல். கைத்தடி, நடை வண்டி, சிறிய நாய்கள். சைக்கிள் என்றாலே பயம். இதைச் சொன்னால் ஒரு வாக்கு வரும், பத்து போகும். அவரிடம் ஏற்கெனவே அதிகம் இல்லை.

"சொல்லமாட்டார்," என்றார் பீற்றர் அண்ணை. "பாலமே கட்டாத மனுசன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். சாந்தியிடம் மட்டும் சொல்லவில்லை. இனிப்பை அவள் சாப்பிட்டாளா என்று கேட்பீர்கள். ஒன்றை எடுத்து, பாதியைக் கடித்து, "சீனி கூட" என்றாள். மிச்சப் பாதியையும் சாப்பிட்டாள்.

மூன்று மணிக் கூட்டம்

சங்க மண்டபத்தில் பியர் வாசமும் தரை மெழுகு வாசமும் கலந்திருக்கும். நான் வாக்கில்லாதவன் என்பதால் பின் கதிரையில் இருந்தேன். சாந்தி முன்னுக்குப் பீற்றர் அண்ணைக்குப் பக்கத்தில். கேணல் வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு கோட்டும் போட்டிருந்தார். அந்த மண்டபத்தில் கோட்டு அணிந்த ஒரே ஆள் அவர். மற்றவர்களின் முழங்காலில் மண் இருந்தது.

முதலில் கிறோமன் அம்மையார் எழுந்தார். "என்னை உங்களுக்குத் தெரியும். இதுவரை செய்தது போலச் செய்வேன்." உடனே திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். எல்லோரும் மேசையை விரல் மடக்கித் தட்டினார்கள். இங்கே கைதட்டுவதற்குப் பதில் அதுதான் வழக்கம்.

கேணல் எழுந்தார். கையில் மடித்த தாள். மாலை வகுப்பில் படித்த ஜேர்மன் நிமிர்ந்து நின்றது, தடுமாறவில்லை. தண்ணீர்க் கசிவு பற்றிச் சொன்னார். வயதானவர்களுக்கு வேலி வெட்ட உதவி ஒழுங்கு செய்வேன் என்றார். ஒரு சிலர் மேசையைத் தட்டினார்கள். எரு வண்டிக்காரர் கூடத் தட்டினார். இங்கேயே முடித்தால் ஆள் தப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். 'டக்.' மண்டபத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

"இன்னொன்று. நம் ஒழுங்கையில் சைக்கிளில் வருபவர்கள் இறங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மெதுவாக வரட்டும். மணி அடித்து வரட்டும். நான் வந்தால் அந்த விதியை மாற்றக் கேட்பேன்."

மண்டபம் ஒரு மூச்சு இழுத்தது. நடை வண்டி வைத்திருந்த ஒரு முதியவர், "என் நாய்?" என்றார்.

"உங்கள் நாயை நான் மதிக்கிறேன்," என்றார் கேணல். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் வாழ்க்கையில் நிறையப் பேரை இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறேன். அது அப்போது என் வேலை. அதே வேலையை இந்த வயதில் கைகூப்பிக் கேட்டு வாங்க எனக்கு விருப்பமில்லை. நன்றி."

இந்தக் கடைசிப் பகுதி ஜேர்மன்காரர்களுக்கு விளங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாந்தியின் பின்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. யாரும் மேசையைத் தட்டவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ ஒருவர் இரண்டு தரம் தட்டினார். அது பீற்றர் அண்ணையின் கையா, அதற்குப் பக்கத்துக் கையா என்பதை நான் இருந்த இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

இரகசிய வாக்கெடுப்பு. தாள்களை மடித்து ஒரு பிளாஸ்டிக் விதைப் பெட்டியில் போட்டார்கள். கிறோமன் அம்மையாருக்கு இருபத்தொன்பது. கேணலுக்கு ஒன்பது.

அவர் நேராகப் போய் அம்மையாரின் கையைக் குலுக்கினார். அம்மையார், "உங்கள் இனிப்பின் செய்முறை எனக்கு வேண்டும்" என்றார். அதோடு அரசியல் முடிந்தது.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார். கண்கள் கலங்கியிருந்தன என்று எழுத ஆசை. கலங்கவில்லை. பளபளத்தன.

"ஒன்பது, டொக்டர். ஒன்று நான். எட்டுப் பேர். சின்னம் இல்லாமல், ஜீப் இல்லாமல், நான் அதைச் சொன்ன பிறகும், எட்டுப் பேர்."

"பாலத்தைக் கட்டிப்போட்டார் மனுசன்," என்றார் பீற்றர் அண்ணை தமிழில். "வாய்க்கால்தான் இல்லை."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது சாந்தி சன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த எட்டில் ஒன்று எங்களுடையதா என்பதை நாட்குறிப்பில் எழுத வேண்டும் போலிருந்தது. கேட்டேன்.

"ரகசிய வாக்கெடுப்பு எண்டால் என்ன எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"நான் உன்ர புருசன்."

"நீங்கள் தேர்தல் அதிகாரி இல்லைத்தானே." தக்காளிக்குக் கட்டி மிஞ்சிய சணல் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு, "காத்தடிக்கிற பம்ப் எங்கை கிடக்குது?" என்று கேட்டாள்.

"நிலவறையில. கதவுக்குப் பின்னால."

பதினைந்தாம் திகதி

ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்தபோது கோப்பி போடப்பட்டிருந்தது. சாந்தி இல்லை. நிலவறையில் சைக்கிளும் இல்லை. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடாமலே பஸ் ஏறினேன்.

நான் இறங்கும்போது அவள் தோட்டக் குடியிருப்பின் வாசலுக்கு உள்ளே நின்றாள். ஆசனத்தில் இருந்தபடி, ஒரு கால் நிலத்தில், ஒரு கால் மிதியில். சைக்கிளில் வருபவரை இறங்கச் சொல்லும் அறிவித்தல் பலகை அவளுக்கு நேர் முன்னால்.

கேணல் ஒழுங்கை வளைவில் பூவாளியுடன் நின்றார். இன்று பனியன்தான். அவளைக் கண்டார். பூவாளியை நிலத்தில் வைத்தார். கிறோமன் அம்மையாரின் குடிலை எட்டிப் பார்த்தார். சன்னல் கதவுகள் மூடியிருந்தன. ஞாயிறு காலையில் அம்மையார் நீந்தப் போவது எல்லோருக்கும் தெரியும். ஒழுங்கையின் அந்தக் கோடியைப் பார்த்தார். இந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு ஒழுங்கையை விட்டு ஒதுங்கி, வேலியோடு முதுகு படும்படி நின்று, வலக்கையை நீட்டி, வரலாம் என்று சைகை காட்டினார். வாய் திறக்கவில்லை.

சாந்தி மிதித்தாள். புதிதாகக் காற்றடித்த சில்லு சரளைக் கல்லில் கரகரத்தது. அவரைக் கடக்கும்போது மணியை ஒரு தரம் அடித்தாள். எங்கள் படலை வரைக்கும் இறங்கவில்லை.